கஜானாவின் கணக்கைக் கேட்ட மருமகன்: கைருத்தீன் பாஷா

ஓர் அரசாங்கம் எதற்காகக் கடன் வாங்கலாம்? அந்தக் கடனை அடைக்க யார் மீது வரி போடலாம்? வாங்கிய பணம் எங்கே போனது என்று கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? ஆளும் தரப்பும் எதிர்த் தரப்பும் இதை வைத்து மோதிக்கொள்வது எல்லா நாட்டிலும் உள்ள சங்கதிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு துனிசியாவில் இந்த மோதல் ஒரே குடும்பத்துக்குள் நடந்தது. ஒரு பக்கம் மாமனார் முஸ்தஃபா கஸ்னதார். 1837 முதல் 1873 வரை, முப்பத்தாறு ஆண்டுகள் நாட்டின் கஜானா அவர் கையில்தான் இருந்தது. மறுபக்கம் மருமகன் கைருத்தீன் பாஷா. இருவருமே சிறு வயதில் அடிமைகளாக விற்கப்பட்டு அரண்மனைக்கு வந்து சேர்ந்தவர்கள்.

இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் முகத்திமாவைப் பற்றிக் கேள்விப்படாத மதரஸா மாணவர் இருக்க முடியாது. அவர் பிறந்த அதே துனிஸ் நகரில், சுமார் ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகு அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு நாட்டின் வரவு செலவைச் சீர்செய்ய முயன்றவர் கைருத்தீன். துனிசியாவின் இருபது தீனார் நோட்டில் அவருடைய படத்தை அச்சிட்டார்கள். தமிழில் அவரைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை.

அவர் பிறந்தது சுமார் 1820-இல், காகசஸ் மலைப்பகுதியில். தாம் ஒரு சர்க்காசியர் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும், ஊரும் பெற்றோரும் நினைவில் இல்லை என்று, முதுமையில் தம் பிள்ளைகளுக்காக எழுதிய நினைவுக் குறிப்புகளில் அவர் பதிவு செய்திருக்கிறார். இஸ்தான்பூலில் தஹ்சீன் பே என்ற பெரிய மனிதரின் வீட்டில், அந்த வீட்டுப் பிள்ளைக்குத் துணையாக வளர்ந்தார். அந்தப் பிள்ளை இறந்துபோனதும் வீட்டில் இவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. துனிசியாவின் ஆட்சியாளருக்காக ஆள் வாங்க வந்தவரிடம் விற்கப்பட்டார். 1839 வாக்கில் துனிஸ் வந்து சேர்ந்தார்.

துனிசியா அப்போது பெயரளவில் உஸ்மானியப் பேரரசின் ஒரு மாகாணம். உண்மையில் பே என்று அழைக்கப்பட்ட ஹுஸைனி வம்ச ஆட்சியாளர்கள்தான் அங்கே எல்லாம். கைருத்தீனை வாங்கிய அஹ்மத் பே பெரிய கனவுகள் உள்ளவர். 1846-இல் தம் நாட்டில் அடிமை முறையை ஒழித்தார். அல்ஜீரியாவைப் பிரான்ஸ் 1830-இலேயே பிடித்துவிட்டதால், அடுத்தது நாம்தான் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. ஐரோப்பிய முறையில் பெரிய ராணுவம் அமைத்தார். பார்தோவில் ராணுவப் பள்ளி, படைக்குத் துணி நெய்ய ஆலை, முஹம்மதிய்யாவில் ஒரு மாபெரும் அரண்மனை. அச்சம் நியாயமானது. ஆனால் இவ்வளவையும் தாங்கும் வருமானம் அந்தச் சிறிய விவசாய நாட்டில் இல்லை. கைருத்தீன் அந்தச் சூழலில் அரபும் பிரெஞ்சும் கற்று, குதிரைப்படையில் தளபதியாக உயர்ந்தார்.

வருமானத்துக்கு அஹ்மத் பே கண்ட வழி குத்தகை. புகையிலை விற்பனை போன்ற உரிமைகளை மொத்தமாக ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவது. அவர் அரசுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு மக்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கறந்துகொள்வது. இந்தக் குத்தகைகளில் பெரியவற்றைப் பிடித்தவர் மஹ்மூத் பின் அய்யாத். 1847-இல் தாருல் மால் என்ற பெயரில் காகித நோட்டு வெளியிடும் ஓர் அரசு வங்கி தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பும் அவரிடமே போனது. 1852-இல் அவர் பெரும் பணத்தோடு பாரிஸுக்குப் போய்விட்டார். அங்கே பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுக்கொண்டு, துனிசிய அரசுதான் தமக்குப் பணம் தர வேண்டும் என்று வழக்காடினார். கஜானாவுக்குப் பொறுப்பான கஸ்னதாருக்குத் தெரியாமல் இவையெல்லாம் நடந்திருக்க வழியே இல்லை.

அந்த வழக்கை நடத்த 1853-இல் பாரிஸுக்கு அனுப்பப்பட்டவர் கைருத்தீன். கூடவே இன்னொரு வேலையும் தரப்பட்டது. கிரிமியப் போரில் உஸ்மானியர்களுக்கு உதவியாகப் படை அனுப்ப அஹ்மத் பே விரும்பினார். அதற்குப் பாரிஸில் கடன் பேச வேண்டும். கைருத்தீன் வழக்கை விடாமல் நடத்தினார். கடன் விஷயத்தை மட்டும் இழுத்துக்கொண்டே போனார். 1855-இல் அஹ்மத் பே காலமாகும்வரை அந்தக் கடன் ஒப்பந்தம் ஆகவில்லை. வேண்டுமென்றே தாமதித்தார் என்றே கருதப்படுகிறது. வழக்கு நெப்போலியன் மன்னரின் நடுவர் தீர்ப்புக்குப் போய், பின் அய்யாத் கேட்ட தொகையில் பெரும்பகுதி தள்ளுபடியாயிற்று. பாரிஸில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இருந்து, அரசுகள் எப்படிக் கடன் வாங்குகின்றன, வங்கிகள் எப்படித் தரகு எடுக்கின்றன, நாடாளுமன்றம் எப்படி அமைச்சரிடம் கணக்குக் கேட்கிறது என்பதையெல்லாம் அவர் கண்ணால் பார்த்தார். அவருடைய பிற்கால அரசியல் முழுவதும் அங்கேதான் உருவானது என்பது என் கணிப்பு.

ஊர் திரும்பியபோது முஹம்மத் பே ஆட்சியில் இருந்தார். கைருத்தீன் கடற்படை அமைச்சரானார். கஸ்னதாரின் மகள் ஜனீனாவை மணமுடித்தார். ஜனீனாவின் தாயார் அஹ்மத் பேயின் சகோதரி. ஆக, மாமனாரின் ஆதரவும் அரச குடும்பத்து உறவும் ஒன்றாகக் கிடைத்தன. வேறொருவராக இருந்தால் வாயை மூடிக்கொண்டு வாழ்ந்திருப்பார்.

1857-இல் அஹ்துல் அமான் என்ற பிரகடனம் வெளியானது. உயிர், உடைமை, மதம், வரி விதிப்பு ஆகியவற்றில் எல்லாக் குடிமக்களுக்கும் பாதுகாப்பு என்பது அதன் சாரம். 1861-இல், அடுத்து வந்த ஸாதிக் பேயின் காலத்தில், அரசியல் சாசனமே நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் உலகில் எழுதப்பட்ட முதல் அரசியல் சாசனங்களில் அதுவும் ஒன்று. அறுபது உறுப்பினர்கள் கொண்ட அல்மஜ்லிஸுல் அக்பர் என்ற பேரவை அமைக்கப்பட்டது. அதன் தலைவராகக் கைருத்தீன் நியமிக்கப்பட்டார். பேரவையின் ஒப்புதல் இல்லாமல் வரி, செலவு, கடன் எதுவும் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். கஸ்னதாரின் கணக்கு வேறு. பேரவை உறுப்பினர்களில் பெரும்பாலோர் அரண்மனையின் ஆட்கள், அதிகாரிகள். அவர்களுடைய பதவியும் சம்பளமும் கஸ்னதார் கையில். கேட்ட கேள்விக்குப் பதில் வராது, கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறிவிடும். ஒருவரின் விருப்பத்துக்குச் சபையின் முத்திரை குத்தத் தாம் உதவக் கூடாது என்று முடிவு செய்து, 1862-இல் கைருத்தீன் பேரவைத் தலைமையையும் அமைச்சர் பதவியையும் விட்டு விலகினார்.

அடுத்த ஆண்டே கடன் வந்தது.

கஸ்னதார் தரப்பின் வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அரசு ஏற்கெனவே துனிஸ் நகரத்து வணிகர்களிடம் அதிக வட்டிக்குக் கைமாற்று வாங்கியிருந்தது. அதைவிடக் குறைந்த வட்டிக்கு ஐரோப்பாவில் ஒரே கடனாக வாங்கி, உள்ளூர்க் கடன்களை அடைத்துவிடலாம், சுமை குறையும். கேட்பதற்கு இது புத்திசாலித்தனமான யோசனைதான். 1863-இல் பாரிஸின் எர்லாங்கர் வங்கி வழியாக 3.5 கோடி பிராங்க் கடன் எழுதப்பட்டது. தள்ளுபடி, தரகு, இடைத்தரகர்களின் பங்கு என்று கணிசமான பகுதி பாரிஸிலேயே கழிந்துவிட்டது. கஸ்னதாரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டார்கள். பதினைந்து ஆண்டுகளில் திருப்பிக் கட்ட வேண்டிய மொத்தத் தொகையோ எழுதிய கடனைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. உள்ளூர்க் கடன் அடையவும் இல்லை. ரிபா எப்படி ஒரு குடும்பத்தைத் தின்னும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். ஒரு நாட்டைத் தின்னும்போதும் அது செய்வது இதைத்தான்.

இந்தக் கடனுக்கு ஈடாகக் காட்டப்பட்டது மஜ்பா என்ற தலைவரி. 1856-இல் வேறு சில வரிகளுக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்டது அது. வயது வந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 36 ரியால் கட்ட வேண்டும். நூறு ஆலிவ் மரம் உள்ளவருக்கும் 36, கூலிக்கு மரம் ஏறுபவருக்கும் 36. ஜகாத்துக்கு நிஸாப் உண்டு, குறிப்பிட்ட அளவு இல்லாதவர் கொடுக்க வேண்டியதில்லை. இந்த வரிக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. அதைவிடக் கொடுமை, துனிஸ், கைரவான், சூஸா, முனஸ்தீர், ஸஃபாகிஸ் ஆகிய ஐந்து நகரங்களின் குடிகளுக்கு விலக்கு இருந்தது. பணக்கார வணிகர்கள் எங்கே இருந்தார்களோ அங்கே வரி இல்லை.

கடன் தவணை நெருக்கியபோது, இந்த வரியை இரண்டு மடங்காக்கி 72 ரியால் என்று அறிவித்தார்கள். 1864-இல் நாடு எரிந்தது. அலீ பின் கதாஹிம் என்பவரின் தலைமையில் மலைக் குடிகளும் புல்வெளிக் குடிகளும் எழுந்தன. கடலோர ஸாஹில் பகுதியும் சேர்ந்துகொண்டது. மக்கள் மஜ்பாவை மட்டும் எதிர்க்கவில்லை, அரசியல் சாசனத்தையும் சேர்த்தே எதிர்த்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. தங்களுக்குத் தூரமான புதிய நீதிமன்றங்கள், அந்நியருக்குக் கொடுக்கப்பட்ட சலுகைகள், உயர்ந்த வரி எல்லாமே அவர்கள் கண்ணில் ஒரே மூட்டையாகத் தெரிந்தன. பே வரி உயர்வைத் திரும்பப் பெற்றார். சாசனத்தையும் நிறுத்திவைத்தார். கிளர்ச்சி அடங்கியதும் தளபதி அஹ்மத் ஸர்ரூக் ஸாஹில் பகுதிக்குள் படையோடு போய் அபராதம் வசூலித்தார். அபராதம் கட்டுவதற்காக விவசாயிகள், காய்க்காத ஆலிவின் எண்ணெயை ஐரோப்பிய வணிகர்களுக்கு முன்கூட்டியே அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுத்தார்கள். பின் கதாஹிம் 1867-இல் சிறையில் இறந்தார்.

பதவி இல்லாத அந்த ஆண்டுகளில் கைருத்தீன் சில தூதுப் பயணங்களாக ஐரோப்பிய அரசவைகளுக்குப் போய் வந்தார். மீதி நேரம் எழுதினார். 1867-இல் துனிஸில் அச்சான அக்வமுல் மஸாலிக் என்ற அந்த நூல் சுமார் இருபது ஐரோப்பிய நாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் வரலாறு, ஆட்சி முறை, படை, வரவு செலவு ஆகியவற்றைச் சொல்கிறது. சிகரம் அதன் முன்னுரை. ஐரோப்பா உயர்ந்தது அதன் மதத்தாலோ மண்ணின் வளத்தாலோ அல்ல, ஆட்சியாளரின் கையைக் கட்டிப்போடும் சட்டத்தாலும் அதனால் வந்த நீதியாலும்தான் என்று அதில் வாதிடுகிறார். அநீதி எப்படி நாட்டின் செழிப்பைக் குலைக்கும் என்பதற்கு இப்னு கல்தூனைச் சாட்சிக்கு அழைக்கிறார். நம் பருத்தியையும் பட்டையும் கம்பளியையும் மலிவாக விற்றுவிட்டு, சிறிது காலத்தில் அதையே துணியாகப் பல மடங்கு விலையில் வாங்குகிறோமே என்று வருந்துகிறார். உலமாக்களை நோக்கியும் பேசுகிறார். நாட்டின் நடப்பு அறியாத ஆலிம் பொதுநலனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஷரீஅத் அறியாத அதிகாரி நீதி செய்ய முடியாது, இருவரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்பது அவருடைய வாதம். கலைக் கல்லூரியில் வரலாறும் படித்த எனக்கு, மதரஸாப் பாடத்தில் இந்த முன்னுரையின் சில பக்கங்களாவது இருக்கலாம் என்று தோன்றியதுண்டு.

நூல் வந்த அதே காலத்தில் நாட்டில் பஞ்சம், காலரா, டைபஸ். வரி கட்ட ஆள் இல்லை. 1865-இல் சுங்க வருமானத்தை ஈடாக வைத்து வாங்கிய இரண்டாவது கடனும் கரைந்துவிட்டது. 1869-இல் அரசு திவால் நிலைக்கு வந்து, ஜூலை 5 அன்று சர்வதேச நிதி ஆணையம் அமைக்கப்பட்டது. பிரான்ஸ், பிரிட்டன், இத்தாலி ஆகிய நாடுகளின் கடன்காரர்களுக்கு அதில் பிரதிநிதிகள். தலைவர் கைருத்தீன். பிரெஞ்சு நிதி ஆய்வாளர் வில்லே அவரோடு உட்கார்ந்தார்.

அந்நியர் நம் கஜானாவைத் திறந்து பார்க்கும் குழுவுக்கு ஒரு முஸ்லிம் அமைச்சர் தலைமை தாங்கலாமா என்று அன்றே கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆணையம் வந்தே தீரும் என்ற நிலையில், பிரான்ஸ் ஒன்று மட்டும் வந்து உட்காருவதைவிட மூன்று நாடுகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு உட்காரட்டும் என்று கைருத்தீன் நினைத்தார். 1871-இல் இஸ்தான்பூல் சென்று, துனிசியா உஸ்மானியப் பேரரசின் பகுதியே என்று உறுதி செய்யும் ஃபர்மானை சுல்தானிடம் பெற்று வந்ததும் இதே நோக்கத்தில்தான். 1870-இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றிருந்ததும் அவருக்கு அவகாசம் தந்தது.

கடன் 12.5 கோடி பிராங்க் என்று ஒழுங்குபடுத்தப்பட்டது. வட்டி ஐந்து சதவீதம். ஆண்டுக்கு 62 லட்சத்து 50 ஆயிரம் பிராங்க் வட்டி மட்டும். அரசின் வருமானத்தில் ஏறத்தாழ பாதி கடன்காரர்களுக்கு என ஒதுக்கப்பட்டது. மீதிப் பாதியில்தான் படை, நீதிமன்றம், அரண்மனை எல்லாம்.

கணக்கைத் தோண்டத் தோண்ட, கடன் பத்திரங்களில் நடந்த மோசடியில் கஸ்னதாரின் பெயரே வந்தது. 1873 அக்டோபரில் பே அவரை நீக்கினார். கைருத்தீன் பிரதம வஸீரானார். ஜனீனா அதற்கு முன்பே, 1870-இல் காலமாகியிருந்தார். மாமனாரின் சொத்துகளில் பெரும்பகுதி அரசுக்கு எடுக்கப்பட்டது.

அடுத்த நான்கு ஆண்டுகள்தான் அவருடைய வாழ்வின் பொற்காலம். புதிய கடன் இல்லை. மஜ்பா நிலுவைகளைத் தள்ளுபடி செய்தார். ஓடிப்போன விவசாயிகள் நிலத்துக்குத் திரும்பினார்கள். புதிதாக ஆலிவும் பேரீச்சையும் நடுபவர்களுக்கு நீண்ட கால வரி விலக்கு. குத்தகை விவசாயிக்கும் நில உரிமையாளருக்கும் இடையிலான உறவுக்கு எழுத்தில் விதிகள். வரி வசூலுக்காகப் படையை ஊர் ஊராக அனுப்பும் பழைய வழக்கத்தைக் கட்டுப்படுத்தினார். மழையும் அந்த ஆண்டுகளில் கைகொடுத்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

1874-இல் சிதறிக் கிடந்த வக்ஃப் சொத்துகளுக்கு ஒரு மத்திய நிர்வாகம் அமைத்து, ஆலிமான முஹம்மத் பைரம் அவர்களிடம் ஒப்படைத்தார். வருமானம் மஸ்ஜிதுக்கும் மதரஸாவுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரத் தொடங்கியது. வக்ஃபின் கணக்கு எழுதப்படாவிட்டால் வக்ஃபே மறைந்துவிடும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஸைத்தூனா பெரிய பள்ளியின் பாடத்திட்டத்தையும் நூலகத்தையும் சீர்செய்தார். 1875-இல் ஸாதிகிய்யா கல்லூரியைத் தொடங்கினார். குர்ஆன், அரபு இலக்கியத்தோடு பிரெஞ்சு, இத்தாலி, துருக்கி மொழிகளும் கணிதமும் அறிவியலும் அங்கே கற்பிக்கப்பட்டன. கல்லூரிக்கு வருமானம்? கஸ்னதாரிடமிருந்து எடுக்கப்பட்ட சொத்துகளையே அதற்கு வக்ஃபாக எழுதி வைத்தார்.

1877-இல் எல்லாம் முடிந்தது. விளைச்சல் கெட்டது. சிக்கனம் பேக்குக் கசந்தது. முஸ்தஃபா பின் இஸ்மாயீல் என்ற செல்லப்பிள்ளை பேயின் காதருகே இருந்தார். ரஷ்யாவுடன் போரிட்ட உஸ்மானியர்களுக்கு உதவ வேண்டும் என்ற கைருத்தீனின் நிலைப்பாடு பேக்கும் பிரான்சுக்கும் பிடிக்கவில்லை. ஜூலையில் பதவி போனது.

சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் அவரை இஸ்தான்பூலுக்கு அழைத்து, 1878 டிசம்பரில் பேரரசின் ஸத்ர் அஃஸம், அதாவது தலைமை அமைச்சர் ஆக்கினார். அங்கேயும் அதே நோய். பேரரசு 1875-இலேயே கடன் தவணையைக் கட்ட முடியாது என்று அறிவித்திருந்தது. எகிப்திலும் அதே கதை. கடனில் மூழ்கிய கதீவ் இஸ்மாயீலை, பிரிட்டனும் பிரான்சும் நெருக்கியதால், 1879 ஜூனில் ஒரு தந்தி வழியாக சுல்தான் பதவியிறக்கியபோது தலைமை அமைச்சராக இருந்தவர் கைருத்தீன்தான். சுல்தான் தனித்து முடிவெடுக்காமல் பொறுப்புள்ள அமைச்சரவையின் வழியே ஆள வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். ஜூலை இறுதியில் நீக்கப்பட்டார். பேரவைத் தலைவராக இருந்து விலகியபோது கேட்டதையேதான் இங்கும் கேட்டிருந்தார்.

அவருடைய வாழ்வில் விழுங்க முடியாத ஒரு பக்கமும் உண்டு. துனிசியாவின் அன்ஃபிதா பகுதியில் சுமார் ஒரு லட்சம் ஹெக்டேர் நிலம் பே அவருக்குக் கொடுத்திருந்தார். இனி பே அதைப் பிடுங்கிக்கொள்வார் என்ற பயத்தில், 1880-இல் அதை ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்கு விற்றார். பக்கத்து நிலத்துக்காரர், பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தவர், ஷுஃப்ஆ உரிமை கேட்டு எழுந்தார். விற்கப்படும் நிலத்தை முதலில் வாங்கும் உரிமை அண்டை நிலத்தாருக்கு உண்டு என்பது ஹனஃபி மத்ஹப். நம் ஷாஃபி மத்ஹபிலும் அங்குள்ள மாலிகி மத்ஹபிலும் அந்த உரிமை கூட்டுச் சொந்தக்காரருக்கு மட்டுமே. அந்தக் கோரிக்கையைத் தடுக்க, நிலத்தைச் சுற்றி ஒரு சிறு வரப்பை விற்காமல் விட்டு வைத்த தந்திரமும் நடந்தது. ஒரு ஃபிக்ஹு வழக்கு இரு வல்லரசுகளின் சண்டையாக மாறியது. துனிசியாவில் பிரான்ஸ் தலையிடச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்றாயிற்று. தம் சொத்தைக் காப்பாற்ற அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் கடன்காரர்களின் கைக்கு நாடு போகாமல் தடுக்க உழைத்தவர், அத்தனை பெரிய நிலத்தை அதே கைகளில் கொடுத்தது சரிதான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

1881 மே 12 அன்று பிரெஞ்சுப் படை சூழ்ந்திருக்க ஸாதிக் பே பார்தோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1883-இல் துனிசியாவின் கடனுக்குப் பிரான்சே பொறுப்பேற்றது. அடுத்த ஆண்டு நிதி ஆணையம் கலைக்கப்பட்டது. நாடே கையில் வந்த பிறகு அது தேவைப்படவில்லை.

கைருத்தீன் 1890 ஜனவரி 30 அன்று இஸ்தான்பூலில் வஃபாத்தானார். விடுதலை பெற்ற துனிசியா 1968-இல் அவருடைய உடல் எச்சங்களைத் துனிஸுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தது. அப்போது நாட்டின் அதிபராக இருந்த ஹபீப் பூர்கீபா, கஸ்னதாரின் சொத்தில் நடந்த அந்த ஸாதிகிய்யா கல்லூரியில் படித்தவர்.